அம்மாவின் மிஷினுக்கு மோட்டார்

மாரியம்மா அக்கா தைக்கக் கொடுத்த துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போன அன்றுதான் வீட்டில் மோட்டார் பேச்சு ஆரம்பித்தது.

"கோவிச்சுக்காத மங்களம்," என்றார் மாரியம்மா அக்கா. பக்கத்து வீட்டுக்காரர். "ஸ்கூல் தொறக்கப் போவுது. புள்ளைங்க ரெண்டும் பழைய பினஃபோர்ல போனா டீச்சர் ஏசுவாங்க. பாவம், உனக்கும் பேக்டரி வேலை. பாசார் பக்கத்துல ஒரு சீன அம்மா சீக்கிரமா தச்சுக் குடுக்கிறாங்களாம்."

"அதனால என்னக்கா? எடுத்துட்டுப் போங்க," என்று அம்மா சிரித்தபடியே துணியை மடித்துக் கொடுத்தார்.

கதவு மூடியதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. நவமணி அதைப் பார்த்தாள். பார்க்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரப்பர்த் தோட்டத்தில் இருந்தபோது இப்படி யாரும் துணியைத் திரும்ப வாங்கியதில்லை. காலையில் பால் எடுக்க மரப்பட்டையை வெட்டிவிட்டு, மத்தியானம் வீட்டுக்கு வந்து அம்மா மிஷினில் உட்காருவார். லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பிள்ளைகள் அம்மா தைத்த சட்டையோடுதான் திரிந்தார்கள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு, அவர்கள் ஈப்போ நகரத்துக்குக் குடிவந்தார்கள். அப்பாவுக்குச் சிமெண்டு ஆலையில் வேலை கிடைத்தது. அம்மாவுக்குச் சட்டை தைக்கும் பேக்டரியில். அங்கிருந்து வந்து, சமைத்து முடித்து, விளக்கைப் போட்டுவிட்டுத்தான் அம்மா இப்போதெல்லாம் தைக்க உட்காருகிறார்.

இங்கே வந்த பிறகு அம்மாவின் கை மெதுவாகிவிட்டது. ஏன் என்று கேட்டால் தெரியவில்லை என்பார்.

"எனக்குத் தெரியும் லா," என்றார் அப்பா. "பேக்டரியில நீ எப்படித் தைக்கிற?"

"அங்க சர்ருன்னு போவுதுங்க."

"ஏன் போவுது? மோட்டார்! இங்க நீ காலால மிதிச்சிட்டு இருக்க. இதே மிஷினுல மோட்டார் மாட்டலாம். லியாகத் அலி பாய் கடையில வெச்சிருக்காரு. பெல்ட்டை மாட்டி, பிளக்கைச் சொருகினா போதும். ஜம்முன்னு ஓடும்."

"விலை?"

அப்பா நவமணியைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மணி, சைக்கிள அடுத்த வருசம் பாப்போமா?"

"சரிப்பா," என்றாள் நவமணி.

வாய்தான் சரி என்றது. தமிழ்ப்பள்ளி அவர்கள் வீட்டிலிருந்து வெகுதூரம். சுண்ணாம்பு மலையில் கல் உடைத்து ஏற்றி வரும் லாரிகள் அந்தச் சாலையில்தான் போகும். பள்ளிக்குப் போய்ச் சேரும்போது நவமணியின் தலைமுடியில் மாவு தூவியது போலிருக்கும். "பாட்டி வந்துட்டாங்க!" என்று வகுப்புப் பையன்கள் கத்துவார்கள். ஆறாம் வகுப்புக்குப் போகும்போது சைக்கிள் என்று அப்பா சொல்லியிருந்தார். எந்தக் கடையில் எந்தச் சிவப்புச் சைக்கிள் என்பதுவரை அவள் பார்த்து வைத்திருந்தாள்.

ஆனால் அம்மாவின் அந்தச் சிரிப்பு நின்றுபோனதையும் அவள்தானே பார்த்தாள்?

ஞாயிற்றுக்கிழமை மூவரும் லியாகத் அலியின் தையல் மிஷின் கடைக்குப் போனார்கள். கடை முழுவதும் எண்ணெய் வாசம். கூரையில் வரிசையாக டியூப் லைட்டுகள். பழுது பார்க்க வந்த மிஷின்கள் சுவரோரம் நின்றன.

"வாங்க அண்ணே, வாங்க தங்கச்சி. இதோ பாருங்க, உங்க வீட்டுல இருக்கிற அதே மாதிரி பழைய மிஷின். மோட்டார் மாட்டி வெச்சிருக்கேன். உக்காந்து ஓட்டிப் பாருங்க. சும்மா பாருங்க, காசா பணமா?"

அம்மா தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். பையிலிருந்து கருநீலத் துண்டுத் துணி ஒன்றை எடுத்தார். பினஃபோர் வெட்டியதில் மிஞ்சியது. மிஷின் விர்ரென்று ஓடியது. தையல் கோடு போட்டது போல நேராக விழுந்தது.

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஏதோ தானே தைத்ததுபோல அந்தத் துண்டைத் தூக்கிக் காட்டினார். "பாத்தியா மங்களம்? ஒரு கோணல் இருக்கா? இதான் மோட்டார்!"

நவமணியும் அந்தத் துண்டை வாங்கிப் பார்த்தாள். உண்மைதான். ஒரு கோணலும் இல்லை. ஆனால் ஏதோ ஒன்று அவள் மனத்தில் இடறியது. மோட்டார் என்றால் வேகமாக ஓடும். சரி. நேராகவும் ஓடுமா? துணியைப் பிடித்திருந்தது அம்மாவின் கைதானே?

"மாமா," என்றாள் கடைக்காரரிடம். "இந்த பெல்ட்டைக் கழட்டிட்டு காலால ஓட்ட முடியுமா?"

"முடியுமே. ஏன் பாப்பா?"

"அம்மா அப்படியும் ஒரு தடவை தச்சுப் பாக்கட்டும்."

"அலாமா! எல்லாரும் மோட்டாரைப் பாக்க வருவாங்க, நீ மிதியைப் பாக்க வந்திருக்கியா?" லியாகத் அலி சிரித்துக்கொண்டே பெல்ட்டை மாற்றினார்.

அம்மா மிதித்தார். மிஷின் தடதடவென்று ஓடியது. கொஞ்சம் மெதுவாகத்தான். ஆனால் தையல் அதே போல நேராக விழுந்தது. அம்மா ஒரு இடத்தில்கூட நிறுத்தவில்லை. ஒரு தையலைக்கூடப் பிரிக்கவில்லை.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கிறேன் பாய்," என்றார் அப்பா.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா மோட்டாரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். நவமணி அந்த இரண்டு தையலையும் நினைத்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் சாயங்காலம், விளக்கைப் போட்ட பிறகு, அவள் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

அம்மா ஊசியில் நூல் கோக்கப் பார்த்தார். நுழையவில்லை; நூலின் நுனியை நாக்கில் நனைத்து மறுபடி முயன்றார். மறுபடியும் தவறியது. கடைசியில் கோத்துவிட்டு, கருநீலத் துணியில் கருநீல நூலால் ஓர் ஓரம் தைத்தார். பிறகு துணியைத் தூக்கி முகத்தருகே கொண்டுபோனார். "ச்சே" என்றார். பிளேடை எடுத்துத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தார்.

மறுபடி தைத்தார். மறுபடி பிரித்தார்.

பிரிக்கும் நேரமெல்லாம் மிஷின் மெதுவாக ஓடவில்லை என்பது நவமணிக்குச் சட்டென்று உறைத்தது. மிஷின் ஓடவே இல்லை. சும்மா நின்றுகொண்டிருந்தது. மோட்டார் இருந்தால் என்ன நடக்கும்? கோணல் தையலும் வேகமாக விழும். அம்மா அதையும் உட்கார்ந்து பிரிப்பார்.

கடையில் மட்டும் ஏன் பிரிக்கவில்லை?

"ம்மா, பேக்டரியில லைட்டு எப்படி இருக்கும்?"

"மேல டியூப் லைட்டு. அதில்லாம ஒவ்வொரு மிஷின் தலையிலயும் ஒரு குட்டி லைட்டு. ஊசி மேல வெயில் அடிக்கிற மாதிரி இருக்கும்," என்றார் அம்மா, பிரிப்பதை நிறுத்தாமலே.

நவமணி தலையைத் தூக்கிப் பார்த்தாள். கூடத்தின் நடுவில், உயரத்தில், ஒரு சின்ன பல்பு பழுத்த எலுமிச்சம்பழம் போலத் தொங்கியது. அதன் வெளிச்சம் அம்மாவின் முதுகில் விழுந்தது. துணியின் மேல் விழுந்தது அம்மாவின் நிழல்.

உடனே சொல்லிவிட நினைத்தாள். ஆனால் எழுந்து பின்பக்கம் குழாயடிக்குப் போனாள்.

மோட்டார் வேண்டாம் என்றால் சைக்கிள் வரும். அதற்காகத்தான் தனக்கு இப்படித் தோன்றுகிறதா? ஆசை வந்துவிட்டால் மனசு தனக்கு வேண்டியதையே நியாயம் என்று சொல்லும். போன வருடம் ஐஸ் வாங்கித் தின்பதற்காகத் தொண்டை சரியாகிவிட்டது என்று அவளே நம்பியது ஞாபகம் வந்தது. பிறகு மூன்று நாள் இருமினாள்.

இது நம் வீடாக இல்லாமல் மாரியம்மா அக்கா வீடாக இருந்தால்? அங்கே எனக்குச் சைக்கிள் எதுவும் கிடைக்கப்போவதில்லை. அப்போதும் இதையே சொல்வேனா?

கொஞ்ச நேரம் யோசித்தாள். சொல்வேன் என்றுதான் தோன்றியது. ஆனால் அப்பாவுக்கு அது எப்படித் தெரியும்? சைக்கிளுக்காகப் பேசுகிறாள் என்றுதானே நினைப்பார்?

உள்ளே வந்தாள். அப்பா வானொலியில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, எனக்கு சைக்கிள் வேணாம்."

அப்பா வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சல் ஒண்ணும் இல்லையே?"

"நெஜமாத்தான்பா. அடுத்த வருசமும் வேணாம். இதை முதல்ல சொன்னாத்தான் அடுத்து நான் சொல்லப்போறதை நம்புவீங்க."

"சரி, அடுத்தது என்ன?"

"மோட்டாரும் வேணாம்."

"மங்களம், இங்க வா! உன் மகளுக்கு இன்னைக்கு எதுவுமே வேணாமாம். சோறு வேணுமான்னு கேளு."

"அப்பா, கேளுங்கப்பா. கடையில அம்மா காலால மிதிச்சும் நேராத்தானே தச்சாங்க? இங்க மட்டும் ஏன் கோணலாப் போவுது? அம்மா தைக்கிற நேரத்தை விடப் பிரிக்கிற நேரம்தான் அதிகம். நம்ம பல்பு சின்னது. அம்மாவுக்குத் தெரியல."

அப்பா மேலே பார்த்தார். "சின்னதா? பல்புன்னா இவ்வளவுதானே?"

"கடையில பெருசெல்லாம் இருக்குமே."

"பெருசு போட்டா கிராணி வந்து கழட்டிட்டுப் போயிடுவாரு!" என்றார் அப்பா. "மறந்துட்டியா? தோட்டத்துல ஒரே இஞ்சின்தான் எல்லா லயத்துக்கும் கரண்டு குடுக்கும். எவனாவது பெரிய பல்பு போட்டான்னு வை, மத்த வீடெல்லாம் மங்கிப்போயிடும். ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி வந்து வீடு வீடா தலையைத் தூக்கிப் பாப்பாரு. உங்க சின்னையா மாமா ஒரு தடவை மாட்டிக்கிட்டு..."

"இங்க யாருப்பா கிராணி?" என்று கேட்டாள் நவமணி.

அப்பா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"ஒரு வருசமா வராத கிராணிக்குப் பயந்துகிட்டு இருந்திருக்கோம்," என்றார் அம்மா.

"நான் எங்க பயந்தேன்? பழக்கம் லா, பழக்கம்!" அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு முனைக்கடைக்குக் கிளம்பிவிட்டார்.

பெரிய பல்போடும் கொஞ்சம் ஒயரோடும் திரும்பி வந்தார். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, விளக்கை இறக்கி, மிஷினுக்கு நேர் மேலே தொங்கும்படி கட்டினார். "போடு மணி!" என்றார். நவமணி சுவிட்சைத் தட்டினாள்.

மூவரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள். மூலையில் இருந்த ஒட்டடை தெரிந்தது. அலமாரிக்கு மேலே தூசி தெரிந்தது.

"ஐயையோ, சுவருக்கு நான் அடிச்ச பெயிண்டு இவ்வளவு கேவலமாவா இருக்கு?" என்றார் அப்பா. "பேசாம பழைய பல்பையே போட்டுடலாமா?"

அம்மா மிஷினில் உட்கார்ந்து நூலை எடுத்தார். நாக்கில் நனைக்கவில்லை. ஒரே முறையில் ஊசியில் கோத்துவிட்டார். கோத்த ஊசியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கண்ணு போயிடுச்சோன்னு நெனச்சேன்," என்றார் மெல்ல. "பேக்டரியில தெரிஞ்சா வேலைக்கு வேணாம்னு சொல்லிடுவாங்களோன்னு... யார்கிட்டயும் சொல்லல."

அப்பா ஒட்டடையைப் பார்ப்பதை நிறுத்தினார். மாரியம்மா அக்கா துணியை வாங்கிப் போனதற்காகத்தான் அம்மா கலங்கினார் என்றுதான் நவமணி இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அவள் போய் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். அம்மா அவளை ஒரு கையால் அணைத்து, இன்னொரு கையால் துணியை ஊசிக்குக் கீழே நகர்த்தினார். பிறகு மிதிக்க ஆரம்பித்தார்.

அந்த வாரம் பிளேடுக்கு வேலையே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கடைக்குப் போய் மோட்டார் இப்போது வேண்டாம் என்று சொன்னபோது, லியாகத் அலி தலையில் கை வைத்துக்கொண்டாராம். "ஏன் அண்ணே, நான் என்ன பல்பு வியாபாரமா பண்றேன்? பரவாயில்ல. தங்கச்சிக்குக் கால் வலிச்சா வாங்க, மோட்டார் எங்கயும் ஓடிப்போயிடாது," என்றாராம். அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பள்ளி திறப்பதற்கு முன்பே ஊராரின் பினஃபோர்கள் எல்லாம் முடிந்துவிட்டன. கடைசியாக அம்மா நவமணியின் பினஃபோரைத் தைத்து முடித்து, "போட்டுப் பாரு," என்று கொடுத்தார்.

நவமணி போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். தோள் சரியாக இருந்தது. இடுப்பும் சரி. கீழேதான் என்னவோ குடை விரித்தது போல இருந்தது.

"ம்மா, பாவாடைப் பக்கம் ரொம்ப அகலமா இருக்கே. அளவு தப்பிடுச்சா? பிரிக்கணுமா?"

"ஒண்ணும் பிரிக்க வேணாம்," என்றார் அம்மா. அவர் அடுத்த துணியைத் தைக்க ஆரம்பித்திருந்தார். "ஒடுக்கமாத் தச்சா சைக்கிள் மிதிக்க முடியாது."

நவமணி, சரியாகத்தான் கேட்டோமா என்று அப்படியே நின்றாள். அம்மா நிமிரவில்லை. அவர் கால்கள் மட்டும் தடதடவென்று மிதித்துக்கொண்டிருந்தன.