காற்று போகிற பக்கம்

தும்மல் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அந்தப் பக்கம் கூண்டே கிடையாது.

சங்கரேஸ்வரி தீனிக் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். சங்கரன்கோவில் ஓரத்தில் மூடிக்கிடந்த தறிக்கூடம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து நடத்துகிற மருந்துப் பரிசோதனைக்கூடம் அது. சுற்றிலும் விசைத்தறிகள் ஓடுகிற சத்தத்தில் எதுவும் காதில் விழாது. இப்போது கரண்ட் கட். தறிகள் நின்றுவிட, ஜெனரேட்டரில் ஓடும் காற்றாடியின் முனகலும், ஃபெரட்டுகளின் முடைநாற்றமும், ஆடிக்காற்று தகரக் கூரையில் வாரி இறைக்கிற மணலும்தான் அந்த அறையில் மிச்சம் இருந்தன.

ஃபெரட் என்பது கீரிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு பிராணி. மனுஷனுக்கு வருகிற சளிக்காய்ச்சல் அதற்கும் வரும், மனுஷன் மாதிரியே தும்மும். அந்தப் பாவத்துக்குத்தான் கூண்டில் போட்டு, மூக்கில் கிருமியை விடுகிறார்கள். போன தடவை நோய்க்கூண்டுகளை ஒட்டியே நல்ல ஃபெரட்டுகளின் கூண்டுகளும் இருந்தன. நடுவில் ஓட்டைத் தகடு. காற்றாடி இங்கிருந்து அங்கே ஊதும். அங்கே இருப்பது தும்மினால், நோய் காற்றில் பரவுகிறது என்று அர்த்தம்.

இந்தத் தடவை நோய்க்கூண்டுகள் மட்டும் வந்தன. நீலப் படுதா தொங்கிய சுவருக்குக் கொஞ்சம் தள்ளி, அதைப் பார்த்தாற்போல் அடுக்கி, பின்னால் காற்றாடியை வைத்தார்கள்.

"நல்லதுக எங்க சார்?" என்று மேனேஜர் வேல்ராஜிடம் கேட்டாள்.

"வரும்மா, வரும். ஆமா, பால்வாடி மத்தியானத்தோட விட்டுருதாங்களே, பிள்ளைய என்ன செய்தீக? இங்கன கூட்டிட்டு வாங்க. பக்கத்து ரூம்ல ஏசி போட்டுத் தாரேன்."

அப்பன் இல்லாத பிள்ளை காவியா. முதல் நாள் அந்த அறையில் பாயும் பொம்மையும் இருந்ததைப் பார்த்து, சங்கரேஸ்வரி "நீங்க நல்லா இருக்கணும் சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்டாளே, அந்தப் படுபாவியை! அதற்குப் பிறகு தினமும் வேல்ராஜ்தான் பிள்ளையை வாசலில் வாங்கிக்கொண்டு உள்ளே போவான்.

மறுபடியும் தும்மல்.

பிள்ளை தும்மினால் "நூறு வயசு" என்பாள். அதே பழக்கத்தில் ஃபெரட் தும்மினாலும் சொல்லிவிடுவாள், பிறகு தன்னையே நினைத்துச் சிரித்துக்கொள்வாள். இப்போது வாய் திறந்தது. கூண்டுகள் பக்கம் திரும்பினாள்.

ஃபெரட்டுகள் எதுவும் தும்மவில்லை. எல்லாம் எழுந்து நின்று, மூக்கை நீட்டி, படுதாவையே பார்த்தன.

சுவரைப் பார்த்து எவனாவது காற்றாடி வைப்பானா?

படுதாவைப் பிடித்து இழுத்தாள். சுவர் இல்லை. ஓட்டைத் தகடு. புத்தம் புதுசு. காற்று அவள் கன்னத்தை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் போனது.

வெளியே ஓடினாள். பக்கத்து அறைக் கதவில் பூட்டு தொங்கியது. கல்லால் அடித்தாள். அசையவில்லை. போனை எடுத்தாள்.

"ஏலே வேல்ராஜ்! எம்பிள்ள இருக்க ரூமத் தொறல! நீ நாசமாப் போவ, வெளங்கவே மாட்ட! ஒம்பிள்ளயக் கொண்டாந்து வைக்க வேண்டியதுதானல இங்கன!"

அவன் குரலில் பதற்றமே இல்லை. "கத்தாதீங்கம்மா. மொதத் தும்மல் எப்பம் வந்திச்சு?"

போனைச் சுவரில் எறிந்தாள். கூண்டு அறைக்குத் திரும்பி ஓடினாள். தகட்டைப் பிறாண்டினாள். நகம் பிய்ந்தது. ஓட்டையில் கண்ணை வைத்தாள்.

பாய் இல்லை. பொம்மை இல்லை. தரையெல்லாம் மரத்தூள்.

மூலையில் காவியா. நாலு காலில். கழுத்தை நீட்டி, சுவரில் பொருத்திய இரும்புக் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரை நக்கிக்கொண்டிருந்தாள்.

"மக்கா... அம்மா இங்கன இருக்கேன்ட்டி. காவியா!"

பிள்ளை திரும்பவில்லை. தும்மியது.

சங்கரேஸ்வரியின் முதுகுக்குப் பின்னால், கூண்டுக்குள்ளிருந்து, அவளுடைய குரலிலேயே வந்தது.

"நூறு வயசு."

காவியா அந்தக் குரலுக்குத் திரும்பிச் சிரித்தாள்.