ஆகிலின் இடது கால்

கேகாலையில் அன்று விடாத மழை. பதினான்கு மாத ஆகிலை இடுப்பில் வைத்தபடி வைத்தியரின் மாடிப்படி ஏறிய நுஸ்கா, மேலிருந்து வேகமாக இறங்கியவனோடு மோதிக்கொண்டாள். அவன் கையிலிருந்த எக்ஸ்ரே படம் சறுக்கிக்கொண்டு வாசல்வரை போனது.

நிமிர்ந்து பார்த்தவனின் கண்கள்... மழையில் நனைந்தவையா, அழுது சிவந்தவையா? அவளுக்குப் பிடிபடவில்லை. மனது ஒரு கணம் தடுமாறியது என்னவோ உண்மை.

இறங்கி, ஆகிலை வாசலில் விட்டுவிட்டு, படத்தை எடுத்து அவனிடம் நீட்டினாள். பிள்ளை சுவரைப் பிடித்து, இடப்பக்கம் சாய்ந்து இரண்டு எட்டு வைத்தான். அதைப் பார்த்தவனின் முகம் கறுத்தது.

"மேல போகாதீங்க. புள்ளைட இடுப்ப ஆஸ்பத்திரில காட்டுங்க."

நுஸ்காவுக்குச் சுரீரென்றது. ஆகிலுக்கு மூன்று மாதமாக இருக்கும்போதே புருஷன் தலாக் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து கூடப்பிறந்த நானா பவாஸின் வீட்டில்தான் வாழ்க்கை. பிள்ளை வளர்ப்பது எப்படி என்று அவளுக்குப் பாடம் எடுக்காத ஆள் இல்லை. இப்போது வழியில் போகிறவனுமா?

"ஒங்கட வேலயப் பாருங்க. எண்ட புள்ளய எனக்குத் தெரியும்."

மேலே போனாள். சனிக்கிழமைகளில் கொழும்பிலிருந்து வரும் முதுகெலும்பு வைத்தியர், ஆகிலின் முதுகை மெல்ல அழுத்தித் திருப்பினார். முதுகு நேரானால் காலும் நேராகும் என்றார். காத்திருந்த தாய்மார்கள் அவரைப் புகழ்ந்தார்கள். ஒருத்தியின் பிள்ளைக்கு வயிற்றுவலி நின்றதாம், இன்னொருத்தியின் பிள்ளை நன்றாகத் தூங்குகிறதாம். நுஸ்காவுக்கும் கால் நேராகி வருவதுபோலத்தான் இருந்தது... அப்படி இருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாளே!

ஐந்து மாதம் போயும் சாய்வு மாறவில்லை; கடைசியில் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள். டொக்டர் ஆகிலின் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார். முதுகில் ஒன்றுமில்லை, இடுப்பு மூட்டு பிறவியிலேயே விலகியிருக்கிறது, முந்தி வந்திருந்தால் வெட்டாமலே சரிசெய்யப் பார்த்திருக்கலாம் என்றார்.

ஒப்பரேஷன் முடிந்து, நெஞ்சிலிருந்து பாதம்வரை மாக்கட்டுப் போட்ட பிள்ளையோடு ஆஸ்பத்திரி கிளினிக்கில் உட்கார்ந்திருந்தவளுக்கு எதிரே, அன்று படியில் மோதியவன் நின்றான். பக்கத்தில், நொண்டி நடக்கும் ஐந்து வயது மகள் ஷிப்னா. நுஸ்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் எதையும் சொல்லிக்காட்டவில்லை. கட்டு நனையாமல் நெப்கின் செருகுவதைக் காட்டித் தந்தான். பெயர் மர்சூக், புளத்கொகுபிட்டியவில் ரப்பர் ஷீட் வாங்கும் கடை என்றான். மகளை அதே வைத்தியரிடம் எட்டு மாதம் தூக்கித் திரிந்ததையும் சொன்னான். அதன்பிறகு ஒவ்வொரு கிளினிக் நாளிலும் அவன் இருந்தான்.

"ஒங்களுக்குக் கடையே இல்லியா?"

"இரிக்கி. ரப்பர் ஷீட் ஓடிப் போகாதே..."

அவள் சிரித்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு!

அவன் பவாஸிடம் பெண் கேட்டு ஆள் அனுப்பினான். பவாஸுக்குச் சந்தோஷம். நுஸ்கா மாட்டேன் என்றுவிட்டாள்.

அடுத்த கிளினிக் நாளிலும் மழை. ஆஸ்பத்திரி வாசலில் திரீவீலுக்குக் காத்திருந்தபோது ஏன் என்று கேட்டான்.

"நீங்க சொன்னது சரின்னு அண்டைக்கே எனக்கு வெளங்கிச்சு" என்றாள். "ரோஷத்துலதான் ஏறிப் போனேன். எண்ட ரோஷத்துக்குப் புள்ளைட கால குடுத்துட்டேன்... ஒங்களக் காணக்குள்ள எல்லாம் அதுதான் ஞாபகம் வருது."

அவன் மழையைப் பார்த்தபடி சொன்னான்.

"ஷிப்னாட உம்மா அந்த வைத்தியர்ட்ட போக வேணாம்னு அழுதா. நாந்தான் கேக்கல்ல. டெங்குல மௌத்தாகும்வரைக்கும் அவ என்ன மன்னிக்கல்ல."

ஈரக் கண்கள் சந்தித்தன...

"எனக்கு ஒங்கள விருப்பம் மர்சூக். பொய் சொல்ல ஏலாது" என்றாள். "ஆகில் நேரா நடக்கட்டும். அதுக்குப் பொறகு கேளுங்க."

அவன் தலையாட்டினான். திரீவீல் வந்தது. கட்டோடு கனத்த பிள்ளையைத் தூக்கி அவள் மடியில் பக்குவமாக வைத்தான்.

ஆகில் நேராக நடப்பான் என்று எந்த டொக்டரும் இன்னும் சொல்லவில்லை. அது அவள் அளவுக்கு அவனுக்கும் தெரியும்.