தொட்டிக்குள் வாசித்த பெயர்

இடிபாடுகள் நிறைந்த திபான் மேட்டில் பேருந்து நின்றதும் பேராசிரியர் ப்ரூவிட்தான் முதலில் இறங்கினார். இங்கே ஒரு காலத்தில் இருந்த மோவாப் நாட்டைப் பற்றி மூன்று புத்தகம் எழுதிய மேதை. எட்டு நாளாக வழிகாட்டியாக வருகிறேன், நாயிஃப் என்ற என் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. கூட்டிவந்த மாணவர்களின் முகமும் தெரியாது. ஒவ்வோர் இடத்திலும் பட்டியலைப் பார்த்துப் பெயர் வாசிப்பார், சத்தம் வந்தால் ஒரு டிக். அதற்குத்தான் மதிப்பெண்.

அன்று டெஸ்ஸாவுக்கு வயிறு சரியில்லை. அந்தக் கும்பலில் நன்றி சொல்லத் தெரிந்த ஒரே பெண். பேருந்திலேயே படுக்கச் சொன்னேன்.

"சாயங்காலத்துக்குள்ள சரியாயிடணும் அண்ணே. எங்கம்மாவுக்குக் கண்ணு தெரியாது. தினம் சாயங்காலம் போன்ல என் குரல் கேட்டாதான் அவங்களுக்குத் தூக்கம் வரும்."

மற்றவர்களோடு பாறையில் குடைந்த பழைய நீர்த்தொட்டிக்குள் இறங்கினேன். வெளியே உச்சி வெயில். உள்ளே வௌவால் நாற்றம், சில்லென்ற ஈரம். பேராசிரியர் பட்டியலை எடுத்தார்.

"ஐயா, இங்க வேணாம். எங்காளுங்க ஆட்டைக்கூட இதுக்குள்ள பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க."

"பாத்தீங்களா பசங்களா, இதான் மூடநம்பிக்கை. எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள், கழுதைகள்.

பெயர்கள் ஒவ்வொன்றாகப் போயின.

"டெஸ்ஸா."

பேருந்தில் படுத்திருக்கிறாள் என்று சொல்லக் கையைத் தூக்கினேன்.

"இருக்கேன்."

ஆளே இல்லாத மூலையிலிருந்து வந்தது. கறுப்பாகத் தண்ணீர் தேங்கிய மூலை.

அவள் குரலேதான்.

ப்ரூவிட் தலையைக்கூடத் தூக்கவில்லை. டிக் போட்டார்.

நான் படியேறி ஓடினேன். டெஸ்ஸா இருக்கையில் எழுந்து உட்கார்ந்து தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வாய் அசைந்தது. ஒரு முனகல்கூட வரவில்லை.

"தொண்டை கட்டியிருக்கும்," என்றார் பின்னால் வந்த பேராசிரியர். "வருகை போட்டாச்சு, கவலைப்படாதே." அந்த ஆளைத் தொட்டிக்குள்ளேயே தள்ளிவிட்டிருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.

சாயங்காலம் விடுதியில் அவள் அம்மாவின் அழைப்பு வந்தது. டெஸ்ஸா கண்ணீரோடு என்னைப் பார்த்தாள். உடம்பு சரியில்லை என்று நானே சொல்லிவிடலாமென எடுத்து, ஸ்பீக்கரில் போட்டேன்.

நான் வாய் திறக்குமுன் அந்தம்மா பேசினார்.

"சொல்லுடா கண்ணு."

அறையில் ஒரு சத்தமும் இல்லை. டெஸ்ஸாவின் உதடுகள் மூடியிருந்தன.

"அப்படியா? வயிறு இப்ப தேவலையா?"

மறுபடி நிசப்தம்.

அந்தம்மா சிரித்தார்.

"அதெல்லாம் சரி, ஏன்டி கிணத்துக்குள்ளேர்ந்து பேசுற மாதிரி கேக்குது?"