பட்டுக் கழிவு அடைத்த துளை

காரில் இருந்தவர்கள் மூவர். ஸ்டியரிங் முன்னால் மெக்கானிக் குப்புராஜ். அவனுக்கு இடப்பக்கம் வண்டியின் சொந்தக்காரர், பட்டு வியாபாரி பத்மராஜ். பின்சீட்டில் வலது சன்னலோரம் அவர் மனைவி ஜெயவதி. அவள் ஓரமாக ஒண்டிக்கொண்டு மீதி சீட்டைக் காலியாக விட்டிருந்தாள், யாரோ அங்கே படுத்துத் தூங்குவதுபோல.

1983, ஐப்பசி. மழை நின்ற மாலை நாலு மணி. ஆரணியில் செய்யாறு போகிற சாலையோரம் இருந்த குப்புராஜின் ஷெட்டில், வண்டியின் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. காற்று சூடாக வந்தது.

"ஏசி வச்சியா, வெந்நீர் அடுப்பு வச்சியா குப்புராஜு?" என்றார் பத்மராஜ். சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

போன மாதம் கலசப்பாக்கத்தில் ஒரு கடைக்குப் புடவை காட்டப் போயிருந்தார். ஏழு வயது மகள் சக்ரேஸ்வரி பின்சீட்டில் தூங்கிவிட்டாள். எழுப்ப மனமில்லாமல், என்ஜினையும் ஏசியையும் ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு இறங்கினார். அரைமணி கழித்து வந்து எழுப்பினார். எழவில்லை. காற்றில்லாமல் உயிர் போய்விட்டது என்றார் டாக்டர்.

குப்புராஜ் எதையும் வரிசையாகப் பார்ப்பவன். பானெட்டைத் திறந்தான். பெல்ட் தொய்யவில்லை. கம்ப்ரசர் 'டக்'கென்று பிடித்தது. கேஜ் மாட்டிப் பார்த்தான், கேஸ் சரியாக இருந்தது. குளிர்க்குழாய் சில்லென்று வியர்த்திருந்தது. உள்ளே வந்து காற்று வருகிற வாயில் தெர்மாமீட்டரை வைத்தான். தொண்ணூற்றெட்டைத் தாண்டி நின்றது, ஜுரம் பார்க்கிறவர்கள் 'ஒன்றுமில்லை' என்று சொல்லும் இடத்தில். எடுத்து உதறிவிட்டு மறுபடி வைத்தான். அதே இடம்.

அடுத்த தெருவின் தறிச் சத்தமும், சாயப்பட்டறையில் கொதிக்கிற கலரின் புளித்த நெடியும், ஈர ரெக்ஸினின் முடை நாற்றமும் கலந்த அந்தக் காற்றுக்குள், மெலிதாக, வேறொரு வாசம் வந்தது.

"ஏலக்கா," என்றாள் ஜெயவதி. "வண்டியில வாந்தி வரும்னு மென்னுகினே வருவா. அன்னிக்கும் வாயில வச்சிகினுதான் தூங்கினா." முன்சீட்டுகளுக்கு நடுவே எட்டிக் குனிந்து, காற்று வருகிற வாயில் உள்ளங்கையை வைத்தாள். "இத்த சரி பண்ணாதீங்க."

"கைய எடு, ஜெயவதி."

அவள் எடுக்கவில்லை. குப்புராஜ் சாவியைத் திருகி அணைத்தான். என்ஜின் நின்றது. காற்று ஊதும் விசிறி நின்றது.

காற்று நிற்கவில்லை.

வந்தது. நின்றது. வந்தது.

டார்ச்சோடு டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தான். பார்க்க வேண்டிய இடம் அவனுக்குத் தெரியும். ஆனி மாதம் இந்த ஏசியைப் பொருத்தியவன் அவன்தான். குழாய் உள்ளே வர, என்ஜினையும் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் தகட்டில் துளை போட்டான். துளையை அடைக்கும் ரப்பர் வளையம் மெட்ராஸிலிருந்து வரவில்லை. ஷெட்டில் கை துடைக்க மூட்டையாகக் கிடக்கும் பட்டுக் கழிவில் ஒரு பிடி உருட்டி அடைத்தான். வளையம் வந்ததும் மாற்றிவிடலாம். வளையம் வந்தது. மாற்றவில்லை.

பட்டு நடுவில் கருகி, விரல் நுழையும் அளவு ஓட்டை விழுந்திருந்தது. சுற்றிலும் என்ஜின் புகையின் கரி. மூடிய கண்ணாடிக்குள் ஒரு பிள்ளைக்கு அந்தப் புகை போதும்.

கருகிய பட்டு உள்ளே அமுங்கியது. வெளியே உப்பியது.

இழுத்தான். ஈரமாக வந்தது. வெதுவெதுப்பாக. அடைத்தது ஒரு பிடி. வந்தது முழம் முழமாக. சிவப்பு இழை. எச்சில் பிசுபிசுப்பு. முடியவில்லை. விட்டான். சரசரவென்று திரும்ப உள்ளே போனது.

"இன்னா தெரிஞ்சுது?" மேலேயிருந்து பத்மராஜின் குரல்.

குப்புராஜ் எழுந்தான். விரல்களை வேட்டியில் துடைத்தான். "கேஸ் கம்மி, மொதலாளி."

"அப்போ வண்டி மேல தப்பு இல்ல?"

"இல்லீங்க."

பத்மராஜ் தலையாட்டினார். "எனக்குத் தெரியும். கண்ணாடிய நான்தான் ஏத்தினேன்."

கேஸ் ஏற்றச் சொல்லி வண்டியை விட்டுவிட்டு, கணவனும் மனைவியும் ஊருக்குப் பெரணமல்லூர் பஸ் ஏறினார்கள். பஸ் திரும்பும்வரை ஜெயவதி ஷெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குப்புராஜ் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினான். 'முதலாளி அவர்களுக்கு. கேஸ் கம்மி என்று சொன்னது பொய். துளை போட்டது நான். கழிவால் அடைத்தது நான். வளையம் வந்தும் மாற்றாதது நான். கண்ணாடியால் பிள்ளை போகவில்லை. இந்தக் கடிதத்தை நீங்கள் போலீசில் காட்டலாம்.' கையெழுத்துப் போட்டான். முதுகுக்குப் பின்னால், ஓடாத வண்டிக்குள், வந்தது, நின்றது, வந்தது. உறையைப் பசை தடவி ஒட்டினான். விலாசம் எழுதினான்.

தெருமுனைத் தபால்பெட்டியின் வாயில் உறையை நுழைத்தான். விரல்களில் வெதுவெதுப்பாக ஊதியது.

ஏலக்காய்.

பிறகு ஏதோ உறையை உள்ளேயிருந்து இழுத்தது. விட்டான். விழுந்த சத்தம் இல்லை. பெட்டியின் வாயோரம் ஒரே ஒரு சிவப்பு இழை, ஈரமாகத் தொங்கியது.

உள்ளே போனது. வெளியே வந்தது.

உள்ளே போனது.