குட்டைக் கழுத்து ப்ளக்

சப்-இன்ஸ்பெக்டர் லியோனார்டின் வலது உள்ளங்கை எரிந்துகொண்டிருந்தது. ஸ்டேஷன் பானைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தார். எரிச்சல் போகவில்லை. அடி வாங்கிய கன்னம் எரிவது சரி, அடித்த கை இத்தனை நேரம் எரிவானேன்? அவருடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மேஸ்திரி கையால் அறை வாங்கிய நாட்களில் வீட்டுக்கு வந்து, பேசாமல் கஞ்சி குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அந்த முதுகு ஞாபகத்துக்கு வந்தது. லியோனார்ட் கையை உதறிக்கொண்டார்.

1969. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரம், செவ்வாய்க்கிழமை. அன்று விடியலில்தான் ராயபுரம் கல்மண்டபத்தில் வியாகுலம்மாளின் வலைக்கொட்டகைப் பூட்டு உடைந்து கிடந்தது. உள்ளே வைத்திருந்த புது நைலான் வலை போன இடம் தெரியவில்லை.

காலை ஏழு மணிக்கு லியோனார்ட் அங்கே போனபோது வியாகுலம்மாள் அழவில்லை. உடைந்த பூட்டை மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தாள்.

"பெரிய வெள்ளிக்கு ராயபுரமே கறிய வுட்டுட்டு மீனுக்கு நிக்கும், தம்பி. ஊர்ப் படகெல்லாம் கடல்ல கீது. என்னுது மட்டும் மணல்ல குந்திகினு கீது. வலைய எடுத்தவன் என் கைய வெட்டி எடுத்துகினு போயிருக்கலாம்."

பார்த்த சாட்சி ஒருத்திதான். தெருமுனையில் ஆப்பம் சுடும் முத்தம்மா.

"இன்னும் இருட்டு வுடல சார். அடுப்ப பத்த வெச்சுகினு இருந்தேன். ஒரு புல்லட்டு போச்சு. பின்னாடி பெரிய மூட்ட."

"ஓட்டினது யாரு?"

"மூஞ்சில துண்டு சுத்திகினு இருந்தான். வண்டி வால்டரோடது. ஹெட்லைட்டு மேல சிலுவ ஒட்டிகீதே, அதான். காசநோய்க்காரன் மாதிரி இருமிகினே போச்சு."

"ஆளா?"

"வண்டி சார். ஆளு ஏன் இருமறான்?"

வால்டர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். முந்தின இரவு முழுக்க வேலையில் இருந்தான், அவனோடு நின்ற ஆட்கள் அதைச் சொன்னார்கள். அவனுடைய புல்லட்டோ, டியூனிங்குக்காக மெக்கானிக் ஜெயவேலின் ஷெட்டில் நின்றது. நாலு மூங்கில், ஒரு தகரக் கூரை, அவ்வளவுதான் ஷெட். கதவு கிடையாது. கதவில்லாத இடத்தில் வண்டியை விடும்போது அந்த வட்டாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சினில் பொறி போடும் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்விடுவார்கள். அது இல்லாமல் எவன் உதைத்தாலும் வண்டி எழும்பாது.

லியோனார்ட் ஷெட்டுக்கு வந்தபோது புல்லட் இருந்த இடத்திலேயே நின்றது. கேரியரில் ஒரு நைலான் நூல் சிக்கியிருந்தது. சுற்றிலும் கூட்டம்.

"ப்ளக் எங்கே?"

ஜெயவேல் பனியனுக்குள் கைவிட்டு, கழுத்துக் கயிற்றில் தொங்கிய சுருக்குப் பையை எடுத்தான். "இதோ கீது சார்."

"ராத்திரி பூரா உன்கிட்டதான் இருந்ததா?"

"தூங்கசொல்லகூட கழட்ல சார்."

"வேற யாராவது தொட்டாங்களா?"

"பொண்டாட்டியே தொடல."

கூட்டம் சிரித்தது. லியோனார்ட் சிரிக்கவில்லை.

"அப்போ வண்டிய ஓட்டினது பேயா?"

"தெர்ல சார். ஆனா ஒண்ணு. முத்தம்மா சொல்றது தப்பு. நான் டியூன் பண்ண வண்டி இருமாது."

திருட்டுக் கேஸில் நிற்கிறவனுக்கு இந்தத் திமிரா என்று லியோனார்டுக்குச் சுருக்கென்றது. அறை அப்போது விழுந்ததுதான். ஜெயவேல் கன்னத்தைத் தொடக்கூட இல்லை. தன் ஷெட்டைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். திருடன் என்று பேர் வாங்கிய மெக்கானிக்கிடம் இனி எவன் வண்டியை விடுவான்?

"சார், டென்சனாவாதீங்க, ஒரு டீ சாப்டுங்க." மீன் ஏஜென்ட் ராசையா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கிளாஸை நீட்டிய கை இடது கை. "தப்பா எடுத்துக்காதீங்க. வலது கைல கொதிக்கிற கொழம்பு பட்டுடுச்சு." கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தீப்புண்ணுக்கு நீல மை தடவியிருந்தார். லியோனார்ட் டீயைக் குடித்துவிட்டு, ஜெயவேலை லாக்கப்புக்கு அனுப்பினார்.

பதினோரு மணிக்குப் புல்லட்டை ஸ்டேஷனுக்கு எடுத்துப்போக மறுபடியும் ஷெட்டுக்கு வந்தார். பத்து வருஷமாகப் புல்லட் ஓட்டுகிறவர், ப்ளக் மாட்ட ஆள் தேவையில்லை. ஜெயவேலிடமிருந்து வாங்கி வைத்திருந்த ப்ளக்கை விரலாலேயே திருகினார். வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கியது. கடைசிச் சுற்றுகளில் மட்டும் மணலைக் கடிப்பது போல நறநறத்து நின்றது.

வெளியே எடுத்தார். நுனித் திருகு மரையில் கரி. சுண்டுவிரலைத் துளைக்குள் விட்டார். மேல் மரை சுத்தம். அடி மரை தொட்ட இடத்தில் விரல் கறுத்தது.

அந்தக் கறுப்பு விரலோடு லாக்கப்புக்கு வந்தார்.

"ப்ளக் துளைய எப்போ தொடச்சே?"

ஜெயவேல் தரையைப் பார்த்தபடி சொன்னான். "நேத்து சாய்ந்தரம். மண்ணெண்ண ஊத்தி, கடைசி மரை வரைக்கும். பளபளன்னு இருந்துச்சு."

"அப்புறம் வண்டிய ஸ்டார்ட் பண்ணினியா?"

"இல்ல. ப்ளக்க எடுத்துகினு வூட்டுக்குப் பூட்டேன்."

அப்படியானால் துடைத்த பிறகும் அந்த எஞ்சின் ஓடியிருக்கிறது. லியோனார்ட் தொப்பியை எடுத்துக்கொண்டு, அப்துல் வஹாபின் ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்கு நடந்தார்.

"பாய், ஒரு ப்ளக்."

"எந்த வண்டிக்கு சார்?"

"எந்த வண்டிக்கா இருந்தா என்ன? மரை எல்லாத்துக்கும் ஒண்ணுதானே?"

வஹாப் சிரித்தார். கண்ணாடிப் பெட்டியிலிருந்து இரண்டை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். தடிமன் ஒன்றே. ஒன்றின் கழுத்து மற்றதைவிட அரை விரற்கடை நீளம்.

"நீளக் கழுத்து புல்லட்டுக்கு. குட்ட, பெட்ரோல்ல எண்ணெய் கலந்து ஊத்துறமே, அந்த டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு. நீளத்த இதுல போட்டா பிஸ்டன் மண்ட ஒடையும்."

"குட்டைய புல்லட்டுல போட்டா?"

"ஓடும் சார். ஆனா பொறி துளைக்குள்ளயே நின்னுடும். வண்டி இருமிகினே போவும். ப்ளக் எட்டாத அடி மரைல கரி ஏறிடும். அப்பால நீளத்த மாட்டினா நறநறங்கும்."

"கல்மண்டபத்துல டூ-ஸ்ட்ரோக் யார்கிட்ட இருக்கு?"

"ரெண்டே பேரு. கம்பவுண்டர் வண்டி எஞ்சின பிரிச்சிப் போட்டு மாசமாவுது. இன்னொண்ணு ராசையாண்ணனுது."

லியோனார்டின் கண்ணுக்குள் நீல மை வந்து நின்றது.

பிற்பகல் இரண்டு மணி. ராசையாவின் வீட்டுப் பின்கட்டில் கோணி போர்த்தி நின்றது மோட்டார்சைக்கிள். வழியில் லியோனார்ட் வியாகுலம்மாளையும் முத்தம்மாவையும் கூட்டி வந்திருந்தார். கேள்விப்பட்டுத் தெருவே பின்னால் வந்துவிட்டது.

"வண்டிய கடைசியா எப்போ ஓட்டினீங்க?"

"நேத்து மத்தியானம் சார். அப்பால தொடவே இல்ல."

"நேத்து நல்லாத்தானே ஓடுச்சு?"

"ஜம்முனு ஓடுச்சு. ஏன் சார்?"

லியோனார்ட் ஸ்பேனரைப் போட்டு ப்ளக்கைக் கழற்றினார். உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் காட்டினார். குட்டைக் கழுத்து. நுனி, வெயிலில் காய்ந்த பிஸ்கோத்து நிறம்.

"முத்தம்மா, தொட்டுப் பாரு. எண்ணெய் ஒட்டுதா?"

"இல்ல சார். காஞ்சி கீது."

"இந்த வண்டி எண்ணெய் குடிக்கிற வண்டி. இதுல ஓடின ப்ளக் எப்பவும் பிசுபிசுன்னு கறுப்பா இருக்கணும். இது காஞ்சு கிடக்குன்னா, கடைசியா ஓடினது இந்த எஞ்சின்ல இல்ல. எண்ணெய் கலக்காத எஞ்சின்ல, நெடுந்தூரம்."

ராசையா சிரிக்கப் பார்த்தார். "ப்ளக் காஞ்சா ஆளு திருடனா சார்? ஜெயவேல்கிட்டதான ப்ளக் இருந்துச்சு?"

"அங்கதான் நாங்க எல்லாரும் கோட்டை விட்டோம். ப்ளக் யார்கிட்ட இருந்ததுன்னு கேட்டோம். வண்டி எந்த ப்ளக்ல ஓடுச்சுன்னு கேக்கல. வண்டி இருமுச்சுன்னு முத்தம்மா சொன்னா. அவன் டியூன் பண்ணினது இருமாதுன்னு ஜெயவேல் சொன்னான். ரெண்டு பேரும் சொன்னது நிஜம். உங்க குட்டைக் கழுத்த மாட்டிக்கிட்டு ஓட்டினீங்க. ஜெயவேல் தலையில விழட்டும்னு வண்டியக் கொண்டாந்து அதே இடத்துல நிறுத்தினீங்க. அவசரத்துல உங்க ப்ளக்க கழட்டினீங்க. ஓடி வந்த எஞ்சின் ப்ளக், கொள்ளிக்கட்டை. மெக்கானிக்கா இருந்தா துணி போட்டுப் பிடிப்பான். நீங்க வெறும் விரலால பிடிச்சீங்க. கொழம்பு கொட்டினா கை பூரா வேகும், ராசையா. ரெண்டு விரல் நுனி மட்டும் வேகாது."

ராசையா மை தடவிய விரல்களை மடக்கிக்கொண்டார். அதை எல்லோரும் பார்த்தார்கள்.

"இத்தினி வருசம் இவ மீன வித்துக் குடுத்தது நானு," என்றார் கடைசியில். "நைலான் வல வந்தவுடனே வேற ஏஜென்டுகிட்ட போயிட்டா."

"எட போடறப்ப தராசத் தட்டினியே, அத சொல்றதுதான?" என்றாள் வியாகுலம்மாள். "என் வல எங்கடா?"

எண்ணூர் நெட்டுக்குப்பத்தில், ராசையாவின் மச்சான் குடிசையில், கருவாட்டு மூட்டைகளுக்கு அடியில் இருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு வலை கல்மண்டபம் வந்து சேர்ந்தது. வியாகுலம்மாள் அதை ஒரு தடவை முகர்ந்து பார்த்து, "கலீஜ் நாத்தம்" என்று திட்டிவிட்டு, ஆட்களைக் கூப்பிட்டுப் படகில் ஏற்றச் சொன்னாள்.

ஜெயவேல் லாக்கப்பிலிருந்து வெளியே வந்தபோது லியோனார்ட் அவன் ப்ளக்கை நீட்டினார். அவன் வாங்கி வெளிச்சத்தில் பார்த்து, நுனிக் கரியைப் பனியனில் துடைத்துச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் காலை லியோனார்ட் தன் புல்லட்டைத் தானே ஷெட்டுக்குக் கொண்டுபோனார். நேற்றைய கூட்டத்தில் பாதி அங்கே இருந்தது. வேண்டுமென்றேதான் அந்த நேரத்தில் போனார்.

"இன்னா சார் வண்டிக்கு?"

"கொஞ்சம் பாரு. சாயங்காலம் வரேன்."

"ராத்திரி நின்னா ப்ளக்கு என்கிட்டதான் இருக்கும். பரவால்லியா?"

கூட்டம் காது கொடுத்தது. லியோனார்டின் வாய் வரை ஒரு சொல் வந்தது. "இருக்கட்டும்," என்றார். சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தார்.

உள்ளங்கை எரிச்சல் அடங்கிவிட்டிருந்தது. ஊர் பார்க்க அறைந்ததற்கு, ஊர் பார்க்க ஒரு மன்னிப்பு. ஜெயவேலுக்கு லியோனார்ட் தரவேண்டியது அது. இன்னும் தரவில்லை.