லான்சரின் பல்லைப் பிடுங்கியது யார்?

2003ஆம் ஆண்டு, சித்திரைப் புத்தாண்டு கழிந்த முதல் ஞாயிறு. காலை ஆறரை மணி.

ஷெட்டைத் திறந்து லான்சரின் பொனட்டைத் தூக்கிய மதுரன் அப்படியே நின்றுவிட்டான். நேற்று மாலை வரை காபரேட்டர் இருந்த இடம் காலியாக இருந்தது. காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுவது அதுதான். அது இல்லாவிட்டால் கார் வெறும் தகரம். புத்தள வெளியில் நேர் ரோட்டை மறித்து நடத்தும் கால் மைல் ஓட்டத்துக்கு லான்சரின் பெயரைக் கொடுத்தாகிவிட்டது. நண்பகலுக்குள் அங்கே போய் நிற்காவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள்.

"சத்தியா!"

அந்தக் கூச்சலில் நமுனுகுல மலை முழுவதும் விழித்திருக்கும். சத்தியபாமா மட்டும் அவசரப்படாமல் பல் துலக்கிக்கொண்டே வந்தாள். பதுளையில் பல் டொக்டராக இருப்பவள் எமனே வந்தாலும் பல் துலக்குவதைப் பாதியில் விடமாட்டாள். வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் கேட்டாள்.

"பூட்டு உடைஞ்சிருக்கோ?"

"இல்லை."

"திறப்பு?"

"ரெண்டு திறப்பு. ஒண்டு என்னட்டை. மற்றது..."

மற்றது அவளுடைய கைப்பையில் இருந்தது. மதுரன் அவளை ஒருமுறை பார்த்தான், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டான். அந்தத் திருப்பலில் எல்லாம் இருந்தது. சத்தியபாமாவுக்குச் சுருக்கென்று தைத்தது.

அவன் சந்தேகப்பட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அது அவள் அப்பா சிற்றம்பலத்தின் கார். தபால் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர் அதைக் கல்யாணத்தில் மகளுக்குக் கொடுத்தார். அவள் அதில்தான் வளர்ந்தாள். பள்ளி விடுமுறைக்கு மட்டக்களப்புக்குப் போகும்போது, மலை இறங்கி முடிந்ததும் அப்பா ஒரு மரநிழலில் நிறுத்தி, பொனட்டைத் திறந்து ஏதோ நோண்டுவார். அம்மா அங்கேயே புட்டுப் பார்சலைப் பிரிப்பாள். திரும்பி வரும்போதும் அதே மரம், அதே நோண்டல். பெரியவளானதும் அந்தக் காரில்தான் தினமும் வளைவுகளில் வளைந்து பதுளைக்கு வேலைக்குப் போய் வந்தாள்.

மூன்று மாதத்துக்கு முன் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கரான அவள் கணவனுக்கு ஓட்டப் பைத்தியம் பிடித்தது. பாரம் குறைக்க வேண்டுமென்று பின் சீற் போனது, ஸ்பெயார் சக்கரம் போனது, கம்பளம் போனது, கடைசியில் சிகரெட் சாம்பல் தட்டும் போனது. பசறை மெக்கானிக் இப்றாஹீம் கொழும்பிலிருந்து பெரிய காபரேட்டர் ஒன்றைத் தேடி வாங்கிவந்து பூட்டினான். பின் சீற்றைக் கழற்றிய அன்றே சிற்றம்பலம், "இனி இந்தக் காரிலை ஏறவும் மாட்டன், கை வைக்கவும் மாட்டன். இது சத்தியம்!" என்று முற்றத்தில் நின்று முழங்கினார். மகள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனாள். நேற்றுப் பின்னேரம் பொறுக்கமுடியாமல் எல்லோர் முன்னாலும் கத்தியும் விட்டாள்: "இந்தச் சனியன் நாளைக்கு ஓடாமலே போகட்டும்!"

இப்போது அது ஓடாமல் நிற்கிறது.

"நான் எடுக்கேல்லை," என்றாள்.

"நான் அப்பிடிச் சொன்னனே?"

"சொல்லியிருந்தால் பரவாயில்லை." எட்டு வருடம் கூட வாழ்ந்தவன் தன்னைக் கள்ளி என்று நினைப்பதை அவளால் தாங்க முடியவில்லை. "விலகுங்கோ. நான் பாக்கிறன்."

நோயாளியின் வாய்க்குள் பார்ப்பதுபோல ரோர்ச்சை அடித்துக்கொண்டு பொனட்டுக்குள் குனிந்தாள். காபரேட்டர் இருந்த துவாரத்தில் முகம் துடைக்கும் வெள்ளைக் கைலேஞ்சி ஒன்று சுருட்டி இறுக்கமாக அடைக்கப்பட்டிருந்தது. பெற்றோல் குழாயின் நுனியில் ஒரு குச்சி. கழற்றிய நட்டுகள் நான்கும் தத்தம் இடத்திலேயே கையால் திருகப்பட்டிருந்தன.

சத்தியபாமாவின் முகத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது.

ஏழு மணிக்கு இப்றாஹீம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். செய்தியைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான்.

"அல்லாஹ்வே! டொக்டர், நான் எடுக்கல்ல. என் கையால கட்டின எஞ்சின், அதுல நானே கை வைப்பேனா?"

"உம்மை ஆர் சொன்னது? நேற்று நடந்ததைச் சொல்லும்."

"அஞ்சு மணிக்கு மேல் ரோட்டுல ஓட்டிப் பார்த்தோம். பறந்திச்சு! பிளக்கைக் கழட்டிப் பார்த்தேன், பால் கோப்பி நெறம், காத்தும் பெற்றோலும் சரியான கலவை. அதுக்கு மேல ஒரு எஞ்சினுக்கு என்ன வேணும்? பிளக்கைப் பூட்டி, பொனட்டைச் சாத்திட்டு எல்லாரும் தேத்தண்ணி குடிக்க உள்ள வந்தோம்."

"ஷெட்டைப் பூட்டினது எப்ப?"

"தேத்தண்ணி குடிச்ச பிறகு," என்றான் மதுரன். "ஆறரைக்கு."

"பூட்டேக்கை பொனட்டைத் திறந்து பாத்தனீங்களோ?"

"இல்லை. ஏன் பாக்கவேணும்?"

"அப்ப பூட்டைப் பற்றியும் திறப்பைப் பற்றியும் பேச்சு வேண்டாம். நீங்கள் பூட்டினதே வெறும் வாயை. பல்லு அதுக்கு முதலே போட்டுது."

இருவரும் ஷெட் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

"தேத்தண்ணிக்கு ஆர் ஆர் இருந்தது?"

"நானும் இப்றாஹீமும், மாமா, கஜேந்திரன். நீர் கத்திப்போட்டு அறைக்குள்ளை போட்டீர்."

லுணுகலை கஜேந்திரன் இன்றைய ஓட்டத்தில் மதுரனின் எதிரி. பழைய கொரொல்லா ஒன்றை வைத்துக்கொண்டு போன வருடம் கோப்பையைத் தூக்கியவன். எதிராளியின் காரைப் பார்த்துப்போக வந்தவன், "எங்கிட்ட எல்லா சைஸ் ஜெட்டும் ஒரு பெட்டி நெறைய கெடக்குங்க" என்று பீற்றிக்கொண்டதை மதுரன் எரிச்சலோடு நினைவுபடுத்தினான். ஜெட் என்பது காபரேட்டருக்குள் பெற்றோல் வரும் சின்னப் பித்தளைத் துளை.

"அவன்தான்!" மதுரன் துள்ளி எழுந்தான். "தோத்துப்போவன் எண்ட பயத்திலை கொண்டு போட்டான்!"

"அவன் கதிரையை விட்டு எழும்பினவனோ?"

"இல்லை... போகேக்கைதான் எழும்பினவன். மாமாதான் இடையிலை எழும்பிக் காத்து வாங்கப் போனவர். பிறகு அவர்தான் அவனைக் கேற்றடி மட்டும் கொண்டுபோய் விட்டவர்."

சத்தியபாமா உள்ளே போனாள். சிற்றம்பலம் சாய்வு நாற்காலியில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் நேற்றையது. இடது கையில் கோப்பிக் கோப்பை, வலது கை பேப்பருக்குக் கீழே. நமுனுகுலக் குளிரில் எந்நேரமும் அவர் தோளில் கிடக்கும் கம்பளிச் சால்வையைக் காணோம்.

"சால்வை எங்கையப்பா?"

"தோய்க்கப் போட்டது, பிள்ளை."

"இரவு முழுக்க மழை. ஆர் தோய்ச்சது?"

சிற்றம்பலம் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் புரட்டியதும் இடது கைதான். ஆயிரம் வாய்களைத் திறக்கவைத்த மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரத்திலை கேற்றடியிலை ஒரு ஹோர்ன் கேக்கும்," என்றாள். "காபரேட்டர் வரும். அதுக்கு முதல் நான் சொல்லிமுடிக்கவேணும். அப்பா, நீங்களும் வாங்கோ."

அவர் வந்தார், வலது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"நான் பல்லைப் பிடுங்கினால் குழிக்குள்ளை பஞ்சு வைப்பன். ஏனெண்டால் அந்த வாய் நல்லா இருக்கவேணும் எண்டது என்ரை விருப்பம். இந்தக் கள்ளனும் துவாரத்துக்குள்ளை தூசி போகாமல் லேஞ்சி வைச்சிருக்கிறார். பெற்றோல் சிந்தாமல் குச்சி வைச்சிருக்கிறார். நட்டுத் துலையாமல் திருகி வைச்சிருக்கிறார். காரைக் கெடுக்க வந்தவன் இதெல்லாம் செய்யான். இது காரிலை உயிரை வைச்சிருக்கிற, எடுத்ததைத் திருப்பிக் கொண்டந்து பூட்ட நினைச்ச ஒராளின்ரை வேலை."

"ஆர்?"

"எடுத்த நேரம் எஞ்சின் கொதிச்சுக்கொண்டிருந்திருக்கும், ஓடி வந்த கையோடை எல்லே? எடுத்தவருக்குக் கட்டாயம் விரல் சுட்டிருக்கும். அப்பா, கையைக் காட்டுங்கோ."

சிற்றம்பலம் கையை நீட்டினார். இரண்டு விரல்களில் கொப்புளம்.

மதுரன் குனிந்து அந்த விரல்களைப் பார்த்தான். "மாமா! நீங்களோ? சீற்றைக் கழற்றின கோபத்துக்கோ?"

"கோபமெண்டால் லேஞ்சி வைப்பாரே?" என்றாள் சத்தியபாமா. "இப்றாஹீம், பிளக் பால் கோப்பி நிறம் எண்டு சொன்னீர். எங்கை வைச்சுப் பாத்தது?"

"இங்கதான். நமுனுகுலயில."

"ஓட்டம் எங்கை?"

"புத்தளயில... கீழ..." இப்றாஹீம் பாதியில் நிறுத்தினான். "யா அல்லாஹ்! மேல காத்து மெலிசு. மெலிசுக் காத்துக்குச் சின்ன ஜெட் போட்டேன். நாங்க மலையில எல்லா வண்டிக்கும் போடறது அதுதான். கீழ காத்து கனம், பெற்றோல் காணாது. முழு வேகத்துல மிதிச்சா பிஸ்டன் கொதிச்சு ஓட்டை விழுந்திரும்! மலைய விட்டு எறங்கி ஓட ஒரு வண்டியும் நான் கட்டினதில்ல, டொக்டர்."

"மட்டக்களப்புக்குப் போகேக்கை அப்பா ஏன் மலையடியிலை நிண்டு பொனட்டைத் திறக்கிறவர் எண்டது எனக்கு இண்டைக்குத்தான் விளங்கிச்சுது. போகேக்கை பெரிய ஜெட், வரேக்கை சின்ன ஜெட். ஆனால் அந்தப் பழைய ஜெட்டுகள் இந்தப் புதுக் காபரேட்டருக்குக் கொள்ளாது. எல்லா அளவும் வைச்சிருக்கிறது ஆர்? நேற்றுத் தேத்தண்ணி குடிச்ச ஆள். பிறகென்ன, காபரேட்டர் சால்வைக்குள்ளை சுத்தின மாதிரி லுணுகலைக்குப் போட்டுது."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே, மாமா!"

"எப்பிடிச் சொல்லுறது?" சிற்றம்பலம் குழந்தைபோல முனகினார். "கை வைக்கமாட்டன் எண்டு சத்தியமெல்லே பண்ணிப்போட்டன்."

கேற்றில் ஹோர்ன் ஒலித்தது. கொரொல்லாவைச் சுமந்த லொறியிலிருந்து கஜேந்திரன் குதித்து, கம்பளிச் சால்வைப் பொட்டலத்தோடு ஓடிவந்தான்.

"மன்னிச்சுக்குங்க ஐயா! வெள்ளனவே வரணும்னுதான் கெளம்புனேன். பசறைக்கிட்ட மரம் விழுந்து கெடந்துச்சுங்க." எல்லோரும் நிற்பதைக் கண்டு சிரித்துவிட்டான். "ஆமாங்க, மாட்டிக்கிட்டோம் போலயே."

"எதிரிக்கு ஏன் உதவி செய்தனீர்?" என்றாள் சத்தியபாமா.

"பிஸ்டன் ஓட்டையாகி நடு ரோட்டுல நிக்கிற வண்டிய ஜெயிச்சு என்னங்க டொக்டரம்மா பெருமை?"

இப்றாஹீம் காபரேட்டரை வாங்கி முத்தமிட்டான், உடனே ஸ்பானரைத் தேடினான். மதுரன் மனைவியிடம் மெல்ல வந்தான்.

"நான் உம்மைத்தான் நினைச்சனான், சத்தியா. பிழைதான்."

"தெரியும்," என்றாள். கண் கலங்கியிருந்தாலும் முகம் சிரித்தது. "தண்டனை பிறகு சொல்லுறன்."

பகல் பன்னிரண்டரை. புத்தள வெளி வெயிலில் தகதகத்தது. கோட்டுக்கு ஒரு பக்கம் கஜேந்திரனின் கொரொல்லா, மறுபக்கம் லான்சர். சத்தியத்தைக் காத்துச் சிற்றம்பலம் லொறியில் வந்து இறங்கியிருந்தார். பாரம் குறையட்டுமென்று மதுரன் சப்பாத்தைக் கழற்றினான், இடுப்புப் பட்டியையும் கழற்றினான். சத்தியபாமா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின் சீற் எத்தினை கிலோ, இப்றாஹீம்?"

"பதினெட்டு இருக்கும்."

"நீங்கள் எத்தினை கிலோ?"

"எண்பத்தெட்டு," என்றான் மதுரன், ஒன்றும் புரியாமல்.

"நான் நாப்பத்தாறு. பதினெட்டுக் கிலோவுக்காக என்னை மூண்டு மாசம் பஸ்ஸிலை தொங்கவிட்டனீங்கள். நாப்பத்திரண்டு கிலோ கூடுதலாய் ஸ்டியறிங்குக்குப் பின்னாலை இருக்கிறதை ஒருத்தரும் காணேல்லை. இறங்குங்கோ!"

இப்றாஹீம் வாய்விட்டுச் சிரித்தான். மதுரன் வயிற்றைத் தடவிப் பார்த்தான், கணக்கைப் போட்டான், இறங்கினான்.

கொடி விழுந்தது. அந்தக் கிளச் எந்த இடத்தில் பிடிக்கும் என்று அவள் காலுக்குத் தெரியும். லான்சர் ஒரு உறுமலோடு பாய்ந்தது. பாதித் தூரம் வரை கொரொல்லா முன்னால். மூன்றாம் கியரில் இரண்டும் தோளோடு தோள். கோட்டைத் தாண்டும்போது லான்சரின் பொனட் பாதியளவு முன்னால் இருந்தது. எல்லோரையும் முந்திக்கொண்டு, வேட்டியைத் தூக்கிப்பிடித்தபடி ரோட்டில் ஓடியவர் சிற்றம்பலம்.

திரும்பிப் போகும்போது மகள் ஓட்ட, அவர் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீற்றில் ஏறி அமர்ந்தார்.

"சத்தியம் என்ன மாதிரியப்பா?"

"அது மருமகன் ஓட்டுற காருக்குச் செய்தது, பிள்ளை."

இப்றாஹீம் கஜேந்திரனின் லொறியில் தொற்றிக்கொண்டான். தீர்ப்புப்படி மதுரன் பஸ்ஸில் வந்தான், உட்கார இடமில்லாமல், கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு. அதற்காக அவன் கொஞ்சமும் வருந்தவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் ஆரம்பித்து, நடத்துநர் வரைக்கும் போய், சாரதியின் முதுகுக்கும் உரத்துச் சொன்னான். பஸ் பசறையை அடையுமுன் யார் வீட்டுக்காரி இன்று ஜெயித்தாள் என்று அதில் வந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.