கோரைக்குள் இரண்டு குரல்

மழை தூறிக்கொண்டிருந்தது. கோரைக்குள் முழங்கால் சேற்றில் நின்றபடி அவள் ஸ்பீக்கரை அழுத்தினாள். கோரைக்கோழி என்ற சதுப்புப் பறவையின் பழைய குரல்பதிவு அது. இந்தச் சதுப்பில் ஒன்றாவது மிச்சமிருந்தால் பதிலுக்குக் கூவும். வருஷக்கணக்காக எதுவும் கூவியதில்லை.

இன்று கூவியது...

உடனே அண்ணனுக்குப் போன் போட்டாள். அவள் வேலை பார்க்கும் வனவிலங்கு அலுவலகத்தில் அவன்தான் அதிகாரி. "அண்ணா... பதில் வந்துடுச்சு" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

சத்தம் வந்த பக்கம் மெல்லத் தவழ்ந்து போனாள். கோரையை விலக்கினால் எதிரே இரண்டு கண்கள். மழையில் நனைந்து, திகைத்துப்போய், இமைக்க மறந்த கண்கள். இடுப்புவரை சேற்றோடு ஓர் இளைஞன். கையில் இவளுடையதைப் போலவே ஒரு ஸ்பீக்கர்.

"கூவினது நீங்களா?"

"அதை நான்ல கேக்கணும். பறவைன்னு நம்பி அந்தக் கரையிலேருந்து தவழ்ந்து வர்றேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்துவிட்டது. சாலை போடும் கம்பெனி பறவையைக் கணக்கெடுக்க அனுப்பிய ஆள் என்றான் அவன். பறவை இல்லையென்றால் சதுப்பை மூடிச் சாலை போட்டுவிடுவார்கள்.

"இந்தப் பறவையை யாரும் சுட்டுக் கொல்லல" என்றாள். "வாய்க்கால் வெட்டினாங்க, தண்ணி வடிஞ்சுது. காஞ்ச தரையில நாய் வந்து முட்டையைத் தின்னுச்சு. தப்பிச்சது இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு... ஜோடி தேடிக் கூவியே ஓஞ்சு போயிருக்கும்."

அவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவளுடைய போன் அடித்தது.

"மேலிடத்துக்குச் சொல்லிட்டேன்டி. ரோட்டை நிறுத்திடுவாங்க." அண்ணன் இவ்வளவு சந்தோஷமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை.

"இருக்கட்டும்" என்றான் எதிரே நின்றவன் மெதுவாக. "பறவை கூவினதை நானும் கேட்டேன்னு எழுதிடறேன்."

ஒரு நிமிஷம் அவள் மனசு தடுமாறியது. ஒரே ஒரு பொய்... இந்தக் கோரை, தண்ணீர் எல்லாம் தப்பிக்கும். ஆனால் பொய் வெளிப்பட்டுவிட்டால் அப்புறம் நிஜமாகவே ஒரு பறவை கூவினாலும் யார் நம்புவார்கள்?

"எனக்காகப் பொய் சொல்லாதீங்க" என்று அவனிடம் வெடுக்கென்று சொன்னவள், அண்ணனிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். "என் மானத்தை வாங்கிட்டியே" என்று போனை வைத்துவிட்டான் அண்ணன்.

மழை வலுத்தது.

"நான் கேட்டதும் உங்க ஸ்பீக்கரைத்தான்" என்றான் அவன் கடைசியில். "அப்போ என் கணக்கும் செல்லாது. மழைக்காலம் பூரா மறுபடி கேட்டாத்தான் இருக்கா இல்லையான்னு சொல்ல முடியும்னு எழுதப் போறேன். அது பொய் இல்லையே?"

"கம்பெனில திட்டுவாங்களே?"

"திட்டட்டும்." கண்களைத் தாழ்த்திக்கொண்டான். "பதில் கேட்டப்போ நெஞ்சு அடிச்சுக்கிச்சு. பறவைன்னு நினைச்சேன். உங்களைப் பார்த்தப்புறமும் நிக்கல... இன்னும் நிக்கல."

அவள் ஸ்பீக்கர் மேல் வழிந்த மழைநீரைத் துடைத்தாள்.

"எனக்கும்தான்" என்றாள். "ஆனா இதை மட்டும் அண்ணன்கிட்ட இப்போதைக்குச் சொல்ல மாட்டேன்."